பழைய டூரிங் சைக்கிளுக்குக் கியர் லீவர் தேடுகிறேன்

2024 மார்ச் 9, சனி. மேடிசன், விஸ்கான்சின்

1983ஆம் ஆண்டின் டிரெக் 720 ஒன்று வீட்டுக்கு வந்துவிட்டது. இதே மாநிலத்தில், பக்கத்தில் இருக்கும் வாட்டர்லூ ஊரில் செய்த ஃபிரேம். ரெனால்ட்ஸ் 531 என்ற எஃகுக் குழாய்கள். பின்சக்கரம் பெடலிலிருந்து நன்றாகத் தள்ளி அமைந்திருப்பதால், பெரிய பைகளை மாட்டினாலும் குதிகால் இடிக்காது. சுமை ஏற்றி நெடுந்தூரம் போவதற்கென்றே பிறந்த வண்டி. பழைய உரிமையாளர் கியர் லீவர்களை மட்டும் கழற்றி வைத்துக்கொண்டு விற்றிருக்கிறார். ஃபிரேமின் கீழ்க்குழாயில் (ஹேண்டில்பார் பக்கத்திலிருந்து பெடலை நோக்கிச் சாய்ந்து இறங்கும் குழாய்) அவை இருந்த குமிழ்கள் இரண்டும் வெறுமையாக இருக்கின்றன. எதை மாட்டுவது என்று ஜூன் பயணத்துக்குள் முடிவு செய்ய வேண்டும்.

மார்ச் 12, செவ்வாய்

லீவரைப் பற்றி யோசிப்பதற்கு முன் பல்சக்கரங்களின் பற்களை எண்ணினேன். முன்னால் 50, 45, 28. பின்னால் 14, 17, 20, 24, 28, 34. அக்கால டூரிங் வண்டிகளில் பரவலாக இருந்த ஏற்பாடு இது. பின்னால் ஒரு பல்சக்கரம் மாறினால் கியர் ஏறக்குறைய 20 சதவீதம் மாறும். முன்னால் 50க்கும் 45க்கும் இடையே மாற்றினால் 11 சதவீதம். அதாவது, முன் லீவர் அரைப்படி, பின் லீவர் முழுப்படி. எதிர்காற்றில் சுமையோடு போகும்போது அந்த அரைப்படி எவ்வளவு ஆறுதல் என்பது ஓட்டியவர்களுக்குத் தெரியும். முன்னால் உள்ள 28 பல் சக்கரம் மலைக்கு மட்டும்: அதோடு பின்னால் 34 போட்டால், பெடல் ஒரு சுற்றுக்கு வண்டி 1.8 மீட்டர் அளவே நகரும்.

இதற்கு ஒரு விலை உண்டு. 45–20இல் (முன்னால் 45 பல், பின்னால் 20 பல்) ஓடிக்கொண்டிருக்கும்போது அடுத்த எளிய கியர் 50–24. இரண்டு லீவர்களையும் ஒரே நேரத்தில் நகர்த்த வேண்டும். இன்றைய வண்டிகளில் முன் லீவரை எப்போதாவதுதான் தொடுவோம். இதில் பின் லீவருக்குச் சமமாக அதற்கும் வேலை இருக்கிறது. ஆகவே லீவர் எந்த இடத்தில் இருக்கிறது என்பதுதான் இந்த வண்டிக்கு முதல் கேள்வி.

மார்ச் 17, ஞாயிறு

அலுவலகத் தம்பி ஒருவர் வண்டியைப் பார்க்க வந்தார். "அண்ணா, பிரேக் லீவரிலேயே கியரும் இருக்கும் ஷிமானோவைப் போட்டுவிடுங்கள், கை எங்கும் நகர வேண்டியதில்லை" என்றார். நியாயமான யோசனைதான். 1990இல் அந்த முறை வந்தபோது பந்தய உலகமே மாறியது. ஆனால் கிளிக் வைத்து மாற்றும் எந்த அமைப்பிலும் மூன்று அளவுகள் ஒன்றுக்கொன்று பொருந்தியாக வேண்டும்: ஒரு கிளிக்குக்கு லீவர் இழுக்கும் கேபிளின் நீளம், அந்த இழுப்புக்கு டெரெய்லர் (சங்கிலியை ஒரு பல்சக்கரத்திலிருந்து இன்னொன்றுக்குத் தள்ளும் கருவி) நகரும் தூரம், பல்சக்கரங்களுக்கு இடையிலான இடைவெளி. என் பின் டெரெய்லர் பிரெஞ்சு ஹூரே டியோபார். 34 பல் சக்கரத்தில்கூட அழகாக ஏறும். கிளிக் என்பதையே அறியாத காலத்துக் கருவி. அதை மாற்றினால் ஃப்ரீவீலை (பின் பல்சக்கரக் கொத்து) மாற்ற வேண்டும், பிறகு சக்கரத்தை, பிறகு ஃபிரேமின் பின்புறத்தையே அகட்ட வேண்டும். அப்புறம் இது வேறு வண்டி. எனக்கு இந்த வண்டிதான் வேண்டும்.

கிளிக் இல்லாமல், விட்ட இடத்தில் உராய்வால் நிற்கும் உராய்வு லீவர் என்பது உறுதி.

மார்ச் 23, சனி

இரண்டு ஜோடிகளை மேசையில் பரப்பி வைத்துப் பார்த்தேன். சாதாரண உராய்வு லீவரின் குறை பழையது: டெரெய்லரின் சுருள்வில் எப்போதும் சிறிய பல்சக்கரத்தை நோக்கி இழுக்கும். திருகைத் தளர்த்தினால் ஏற்றத்தில் கியர் தானாக நழுவும். இறுக்கினால் லீவரை இழுக்க விரல் வலிக்கும்.

இதற்கு இரண்டு நிறுவனங்கள் இரண்டு விடைகள் கண்டன. பிரான்ஸின் சிம்ப்ளெக்ஸ், லீவருக்குள் உருளையைச் சுற்றி ஒரு சுருள்வில்லை வைத்தது. அது ஒரு திசையில் கவ்விப் பிடிக்கும், மறுதிசையில் விட்டுக்கொடுக்கும். ஜப்பானின் சன்டூர் நுண்ணிய பற்கள் கொண்ட, ஒரு திசையில் மட்டும் தடையின்றிச் சுழலும் ராட்சட் சக்கரத்தை வைத்தது. கேபிளை இழுக்கும்போது உராய்வே தடையாக வராது, மெல்லிய கறகற ஒலி மட்டும். விடும்போது உராய்வு பிடித்துக்கொள்ளும். சிம்ப்ளெக்ஸ் சத்தமே இல்லாமல் வெண்ணெய்போல நகர்கிறது. கை உணர்வுக்கு மட்டும் மதிப்பெண் என்றால் எல்லாம் அதற்கே.

ஆனால் சிம்ப்ளெக்ஸ் கீழ்க்குழாயில் மாட்டுவது. என்னிடம் இருக்கும் சன்டூரோ ஹேண்டில்பாரின் நுனியில் செருகுவது.

ஏப்ரல் 6, சனி

நண்பரிடம் இரவல் வாங்கிய சிம்ப்ளெக்ஸ் ஜோடியோடு மவுண்ட் ஹோரெபிலிருந்து ப்ளூ மவுண்ட்ஸ் வரை போனேன். முன்னும் பின்னும் நான்கு பைகளிலும் பயணத்துக்கான முழு எடை. பழைய ரயில் பாதையில், சுண்ணாம்புக்கல் பொடி பரப்பிய சமதரையில், குறையே இல்லை. 45–20இலிருந்து 50–24க்குப் போக இரண்டு லீவர்களையும் பின்னோக்கி இழுக்க வேண்டும். இரண்டும் அருகருகே இருப்பதால் ஒரே கையால் ஒரே இழுப்பில் முடிந்துவிடுகிறது. பழைய ஆட்கள் கீழ்க்குழாய் லீவரை ஏன் கைவிட மறுக்கிறார்கள் என்பது அங்கே புரிந்தது.

மலை தொடங்கியதும் நிலைமை வேறு. வேகம் நடைக்கு இறங்கிவிட்டது. முன்சக்கரத்தின் இருபுறமும் எடை. அந்த வேகத்தில் ஒரு கையை எடுத்துக் குனிந்தால் ஹேண்டில்பார் உடனே ஒரு பக்கம் சாய்கிறது. பின்னால் லாரி வரும் சாலையில் எனக்கு அது வேண்டாம்.

ஏப்ரல் 20, சனி

சன்டூரை மாட்டியாகிவிட்டது. கேபிள் உறை ஹேண்டில்பார் நாடாவுக்கு அடியில் ஓடி, வளைந்து கீழ்க்குழாய்க்கு வருகிறது. பழைய குமிழ்களில் உறையைத் தாங்கும் நிறுத்திகளைப் பொருத்தினேன். வளைவு இறுகினால் ராட்சட்டின் மென்மை முழுவதும் வீண் என்பதால் உறையைச் சற்று நீளமாகவே விட்டேன்.

அதே மலை, அதே எடை. அந்த இரட்டை மாற்றத்துக்கு இரண்டு லீவர்களையும் கீழே அழுத்த வேண்டும். ஹேண்டில்பாரின் கீழ்வளைவைப் பிடித்தபடியே சுண்டுவிரல் பக்கத்தால் இரண்டையும் சேர்த்து அழுத்தினேன். சக்கரம் நேராகவே போனது. மலையின் அடிவாரத்தில் 28க்கு இறங்குவதும் அப்படியே. இரண்டு குறைகள் உண்டு. சுவரில் சாய்த்தால் லீவர் இடிபட்டுக் கியர் மாறிவிடுகிறது. எழுந்து நின்று மிதித்தால் முழங்கால் உரசுகிறது. சுமையோடு நான் எழுந்து மிதிப்பதே அரிது.

ஏப்ரல் 21, ஞாயிறு

சிம்ப்ளெக்ஸைத் துடைத்துத் திருப்பிக் கொடுத்துவிட்டேன், மனமில்லாமல்தான். பைகள் இல்லாத ஒரு வண்டி எனக்கு இருந்தால் அதைத்தான் மாட்டுவேன். சன்டூர் பழுதானாலும் கவலையில்லை: டயா-காம்பெ இன்றும் ராட்சட் லீவர்கள் செய்கிறது. ஜூனில் இதே மாநிலத்தின் எல்ராயிலிருந்து ஸ்பார்ட்டா வரை பழைய ரயில் பாதையில், அங்கிருந்து வைல்ட்கேட் மலை வழியாகத் திரும்புவது. கருவிப் பையில் ஒரு நீளமான கியர் கேபிள், லீவர் திருகுக்கு ஏற்ற திருப்புளி. அந்தப் பாதையில் உள்ள மூன்று சுரங்கங்களுக்கு விளக்கு இன்னும் வாங்க வேண்டும்.