கோடியக்கரையில் ஒரு செருப்பை விட்டு வந்தேன்

தை மாதம் கோடியக்கரைக்குப் போனால் பூநாரை பார்க்கலாம் என்று எல்லோரும் சொல்வார்கள். எவ்வளவு தூரத்தில் நின்று பார்க்கலாம் என்பதை மட்டும் யாரும் சொல்ல மாட்டார்கள்.

விடிகாலையில் வேதாரண்யத்தில் ஒரு டீ குடித்துவிட்டுச் சித்தி மகனின் பைக்கில் கிளம்பினோம். அகஸ்தியம்பள்ளியிலேயே உப்புக்காற்று முகத்தில் அறைந்தது. மழைக்காலம் முடிந்து அப்போதுதான் பாத்திகளில் சேற்றை வாரிக்கொண்டிருந்தார்கள். போன வருடத்து உப்பு, கீற்று வேய்ந்த குடிசை மாதிரி வரிசையாகக் குவிந்து கிடந்தது. 1930 ஏப்ரல் 13 அன்று ராஜாஜி தலைமையில் திருச்சியிலிருந்து நடக்கத் தொடங்கியவர்கள் உப்பு அள்ள வந்தது இந்தப் பக்கம்தான். நினைவு ஸ்தூபியில் எங்களைத் தவிர இரண்டு ஆடுகள் இருந்தன.

காட்டுக்குள் முதலில் ராமர் பாதம். சரணாலயத்திலேயே உயரமான இடம் இதுதான், சுமார் நான்கு மீட்டர்! எங்கள் தெருவில் மொட்டைமாடி இதைவிட உயரம். ஆனால் அந்த மணல்மேட்டில் ஏறி நின்றால் நாலா பக்கமும் தட்டையாகக் கிடக்கிற நிலத்தில் அதுவே மலையாகத் தெரிகிறது. ராமர் இங்கே நின்று இலங்கையைப் பார்த்தார் என்பது ஐதீகம். எனக்குச் சீமைக்கருவேல்தான் தெரிந்தது.

புல்வெளியில் வெளிமான்கள். வெட்டவெளியில் வாழ்வதால் அந்தப் பெயர். இவற்றுக்காகத்தான் 1967இல் இதைச் சரணாலயமாக அறிவித்தார்கள். ஒரு கிடா, முதுகு கன்னங்கரேலென்று, வயிறு வெள்ளை, திருகு கொம்பு. மூக்கை வானத்துக்குத் தூக்கி, கொம்பை முதுகோடு சாய்த்து, காதைத் தொங்கவிட்டு, கல்யாண வீட்டு மாமனார் மாதிரி ஒரு நடை நடந்தது. பெட்டைகள் ஒன்றுகூடத் தலைதூக்கவில்லை, மேய்ந்துகொண்டே இருந்தன. கொஞ்சம் தள்ளி மட்டக்குதிரைகள். யாரோ எப்போதோ விட்டுப்போன குதிரைகளின் வாரிசுகள், இப்போது காட்டுக்கே சொந்தம். பார்க்க அழகுதான். ஆனால் புல்லுக்கும் தண்ணீருக்கும் மானோடு போட்டி என்று கூட வந்த வனக்காவலர் சலித்துக்கொண்டார். பேச்சு எங்கே தொடங்கினாலும் அவர் 2018 கஜா புயலில் வந்து முடித்தார். அது புரட்டிப் போட்ட மரங்களை ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிச் சொன்னார்.

அப்புறம் சேற்றுவெளி. தொலைவில் வெள்ளைக் கோடு ஒன்று. "அதுதான் சார் பூநாரை." கொஞ்சம் கிட்டப் போகலாமே என்று இரண்டு எட்டு வைத்தேன். இடது கால் முழங்கால் வரை இறங்கியது. கால் வந்தது, செருப்பு வரவில்லை. காவலர் சிரிப்பை அடக்கிக்கொண்டு பைனாகுலரை நீட்டினார். அதில் பார்த்ததும் செருப்பு மறந்துபோனது. தலையைக் கவிழ்த்து, மேல் அலகு கீழாகத் தண்ணீரை அரித்து அரித்துத் தின்கிறது. ஒன்று பறக்க எழுந்து சிறகை விரித்தபோதுதான் அந்த ரோஜா நிறமும் கறுப்பும் தெரிந்தன.

காலடியில் ஓடிக்கொண்டிருந்த கொசு உள்ளான் என்கிற குட்டிப் பறவைகளை நான் கவனிக்கவேயில்லை. சுமார் 25 கிராம் எடை. சைபீரியாவின் வடகோடியிலிருந்து நம் கோடிக்கு வருகிறது. ஆராய்ச்சியாளர்கள் இங்கே பிடித்து, காலில் வளையம் மாட்டி விடுவதும் உண்டு. பூநாரைக்குக் கிடைக்கிற விளம்பரத்தில் பாதியாவது இதற்குக் கிடைக்கலாம்.

கடற்கரைக்குப் போனோம். தை அமாவாசை முடிந்து இரண்டாம் நாள். ஆதிசேது என்று கடலாட வந்தவர்கள் விட்டுப்போன துணிகள் மணலில் பாதி புதைந்து கிடந்தன. அதுதான் பார்க்கச் சகிக்கவில்லை. 2004 சுனாமியில் இடிந்த பழைய கலங்கரை விளக்கத்தின் அடிப்பகுதி ஒரு பக்கம் நின்றது, சோழர் காலத்தது என்கிறார்கள். இந்தப் பக்கம் வெளியூர் மீனவர்களின் கொட்டகைகள். ஐப்பசியில் வந்து, சீசன் முடிகிறவரை இங்கேயே தங்கி ஃபைபர் படகில் தொழில் பார்ப்பவர்கள். காலா, வாவல், நண்டு என்று பெட்டி பெட்டியாக ஐஸ் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

காட்டோரம் குழகர் கோயில். காற்று வீசும் இந்தக் கடற்கரையில் துணைக்கு ஒருவரும் இல்லாமல் ஏன் தனியாக இருக்கிறாய் என்று சுந்தரர் சிவனைக் கேட்ட இடம். இதை வலை பிரித்துக்கொண்டிருந்த பெரியவரிடம் சொன்னேன்.

"ஆறு மாசம் நாங்க இருக்கோம்ல தம்பி?" என்றார்.

"மிச்ச ஆறு மாசம்?"

"குதிரை இருக்கு."

திரும்பும்போது வேதாரண்யம் கோயிலுக்கும் போனோம். வேதாரண்யம் விளக்கழகு என்பார்கள். உள்ளே போவதற்கு முன், ஒற்றைச் செருப்பை எங்கே விடுவது என்று கொஞ்ச நேரம் யோசித்துக்கொண்டு நின்றேன்.