முடி மாற்று அறுவை சிகிச்சை: பயிற்சியைத் தொடங்கும் மருத்துவர்களுக்கு

முடி மாற்று அறுவை சிகிச்சையைக் கற்க வருகிறவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது முடியெடுக்கும் மோட்டார் கருவிகளில் எதை வாங்கலாம் என்பதைத்தான். புதுச்சேரியில் நான் பயிற்சி பெற்ற மூத்த மருத்துவர், பஞ்ச் எனும் சிறு உருளை வெட்டுக் கருவியைக் கையில் கொடுப்பதற்கு முன் நோயாளியின் பின்தலையைப் பார்க்கத்தான் பழக்கினார்; அந்த வரிசையையே நானும் பரிந்துரைக்கிறேன்.

பின்தலை மயிர்க்கால்கள் வழுக்கைப் பகுதியில் நட்டாலும் தம் இயல்பை இழப்பதில்லை என்பதை அமெரிக்கத் தோல் மருத்துவர் நார்மன் ஆரன்ட்ரைக் 1959-இல் வெளியிட்டார். ஆனால் அந்த இருப்பு வரம்புக்குட்பட்டது. கடலூரிலிருந்து வரும் இருபத்திரண்டு வயது இளைஞர், கல்யாணத்துக்கு முன் நெற்றிக் கோட்டைத் தாழ்த்தித் தருமாறு கேட்டால், வழுக்கை எவ்வளவு பரவக்கூடும் என்று அறிய அவருடைய அப்பா, தாய்மாமன் தலைகளைப் பற்றி விசாரித்து, மருந்துச் சிகிச்சையை முதலில் தொடங்குவதே முறை.

தோல் பட்டையாக வெட்டியெடுக்கும் எஃப்.யு.டி. முறையில் நீளமான தழும்பு நிற்கும்; மயிர்க்கால்களைத் தனித்தனியே எடுக்கும் எஃப்.யு.இ. முறையில் புள்ளித் தழும்புகள் மட்டுமே. பின்னதில் சிரமம் முழுவதும் கோணத்தில் இருக்கிறது. முடியை ஓரிரு மில்லிமீட்டருக்குக் கத்தரித்து, அது சாய்ந்திருக்கும் திசையிலேயே 0.8 முதல் 1 மி.மீ. வரை விட்டமுள்ள பஞ்ச் கருவியை வைக்க வேண்டும். தோலுக்குள் முடி வேறு கோணத்தில் செல்லக்கூடும் என்பதால், வெளியே தெரியும் கோணத்தை மட்டும் நம்பினால் வேர் வெட்டுப்படும். காதுக்குப் பின்னால் முடி ஏறக்குறைய படுத்தே கிடக்கும். முதல் சில கிராஃப்டுகளை (நடுவதற்காக எடுக்கும் மயிர்க்கால் துண்டுகளை) எடுத்தவுடன் உருப்பெருக்கியில் பார்த்து, வேர்கள் முழுமையாக வந்திருந்தால் மட்டுமே தொடர வேண்டும். இல்லையெனில் கோணத்தையும் ஆழத்தையும் மாற்றிப் பார்க்க வேண்டும்.

மரப்பு மருந்தின் கணக்கை வாயால் சொல்லாமல் எழுதியே வைக்க வேண்டும். அட்ரினலின் கலந்த லிக்னோகெய்னுக்கு உச்ச அளவு கிலோவுக்கு 7 மி.கி.; 60 கிலோ எடையுள்ளவருக்கு 420 மி.கி., அதாவது 2 சதவீதக் கரைசலில் 21 மி.லி. மட்டுமே. எடுத்த கிராஃப்ட் காய்ந்தால் பிழைக்காது என்பதால், குளிர்ந்த சலைனிலேயே (உப்புநீர்க் கரைசலிலேயே) அதை வைக்க வேண்டும். நெற்றிக் கோட்டின் முன்வரிசையில் ஒற்றை முடி கிராஃப்டுகளே பொருந்தும்.

காணொளியோ பயிலரங்கோ மட்டும் போதிய பயிற்சியாகாது என்று தேசிய மருத்துவ ஆணையம் 2022-இல் தெளிவுபடுத்தியிருக்கிறது. எனவே அனுபவமுள்ளவரின் மேற்பார்வையில்தான் தொடங்க வேண்டும்.

நட்ட முடி சில வாரங்களில் உதிரும், மூன்று நான்கு மாதங்களில் முளைக்கத் தொடங்கும், முழுப் பலன் தெரிய ஓராண்டாகும் என்பதை ஒப்புதல் வாங்கும்போதே சொல்லிவிட்டால், மூன்றாம் வாரத்தில் பதறிக்கொண்டு வரும் அழைப்புகள் பெருமளவு குறையும்.