அம்மாவின் வலது கால்

நவம்பர் 14
அம்மாவுக்கு மூன்றாம் நாளாக வாந்தி, இன்று பச்சையாக. வயிறு பானை மாதிரி உப்பிவிட்டது. கேஸ் என்று ஊசி போட்டு அனுப்பினார்கள். கேஸ் என்றால் காற்றாவது பிரிய வேண்டாமா?

நவம்பர் 15
கொரடாச்சேரியிலிருந்து தஞ்சாவூர். நீடாமங்கலம் ரயில்வே கேட்டில் நின்றபோது அம்மா முழங்காலை நெஞ்சோடு மடக்கிக்கொண்டாள். நிற்கவைத்து எக்ஸ்ரே எடுத்தார்கள். குடலுக்குள் படிப்படியாக நீர்க்கோடுகள். அடைப்பேதான். முன்பு ஆபரேஷன் உண்டா, காசநோய் உண்டா, பித்தப்பைக் கல் உண்டா? எதுவும் இல்லை. தொடை இடுக்கிலும் வீக்கம் இல்லை.

நவம்பர் 16
சிடி ஸ்கேன் பார்த்துவிட்டு டாக்டர் நேராக அம்மாவிடம் வந்தார். "பாட்டிம்மா, கால் வலி இருந்துச்சா?" வலது காலை மெதுவாக நீட்டி, அகட்டி, உள்பக்கம் திருப்பினார். அம்மா அலறிவிட்டாள்.

ஆறு மாதமாக அந்தத் தொடைக்குத்தான் நொச்சித் தைலம் தேய்த்தேன். மூட்டுவாதம் என்று நானே முடிவு கட்டிவிட்டேன்.

ஆப்டுரேட்டர் ஹெர்னியாவாம், ஒருவகைக் குடலிறக்கம். இடுப்பெலும்பில் ஒரு நரம்பு இறங்கும் சந்து. உடம்பில் சதை இருக்கும்வரை கொழுப்பு அதை அடைத்துக்கொண்டிருக்கும். மெலிந்த வயதான பெண்களுக்கு அந்தக் கொழுப்பு கரைந்து சந்து திறந்துவிடுகிறது. குடல் அதில் நுழைந்து நரம்பை அழுத்த, வலி உள்தொடை வழியாக முழங்கால் வரை போகும். மடக்கினால் குறையும். வெளியே எதுவும் புடைக்காது, சிடி எடுத்தால்தான் தெரியும்.

அம்மா 36 கிலோ. அப்பா போனபிறகு ஒருவேளைச் சாப்பாடுதான். நான் அதட்டியாவது ஊட்டியிருக்க வேண்டும்.

நவம்பர் 17
ஆபரேஷன். சிக்கிய குடல் கருத்திருந்ததாம். வெந்நீரில் நனைத்த துணியைப் போட்டு, நிறம் திரும்புமா என்று காத்திருந்திருக்கிறார்கள். திரும்பவில்லை. ஒரு சாண் வெட்டி இணைத்தார்கள்.

நவம்பர் 18
காற்று பிரியவில்லை. பிரிந்தால்தான் குடல் மறுபடி வேலை செய்கிறது என்று அர்த்தமாம்.

நவம்பர் 19
மூக்கு வழியாக வயிற்றுக்குப் போட்ட குழாயின் பையில் நேற்று 500 மில்லி, இன்று 200. பச்சை வெளுத்து வருகிறது. தம்பி போன் செய்தான். சம்பா வயலில் தண்ணீர் வடியவில்லை, வாய்க்கால் முழுக்க வெங்காயத்தாமரை. அவனோடு சரியாகப் பேசக்கூட முடியவில்லை.

அம்மா வலது காலை நீட்டித் தூங்குகிறாள்! எத்தனை மாதம் ஆயிற்று, இப்படிப் பார்த்து.

நவம்பர் 20
விடியற்காலை 3 மணிக்குக் காற்று பிரிந்தது. நர்ஸ் கேட்டதும் அம்மா வெட்கப்பட்டுக்கொண்டு தலையாட்டினாள். நான் அழுதுவிட்டேன்.

நவம்பர் 21
ராத்திரி எழுந்து பார்த்தால் இடது காலை மடக்கிப் படுத்திருக்கிறாள். இந்த ஹெர்னியா இரண்டு பக்கமும் வரலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். காலையில் ரவுண்ட்ஸ் வந்ததும் முதலில் இதைக் கேட்க வேண்டும்.