பதினொரு நிமிடம்: ஆடிக் காற்றில் மூன்றாவது 200

இந்த முறையும் போச்சு. சைக்கிளில் தஞ்சாவூரிலிருந்து பூம்புகார் கடற்கரை, அங்கிருந்து திரும்ப தஞ்சாவூர். மீட்டரில் 204 கிலோமீட்டர். கெடு, பிரெவே (நேரக் கெடு வைத்து ஓட்டும் நெடுந்தூர சைக்கிள் பயணம்) ஓட்டுகிறவர்களுக்கு 200 கிலோமீட்டருக்குத் தெரிந்த அதே பதின்மூன்றரை மணி நேரம். நான் எடுத்தது 13 மணி 41 நிமிடம். அட்டை, முத்திரை, பதக்கம் எதுவும் இல்லாத, எனக்கு நானே வைத்துக்கொண்ட பரீட்சை. அதிலேயே மூன்றாவது முறை ஃபெயில்.

முதல் முறை மயிலாடுதுறையில் ஃபுல் மீல்ஸ் சாப்பிட்டுவிட்டு குத்தாலத்தில் வாந்தி எடுத்தேன். இரண்டாவது முறை பாபநாசத்தில் முட்டி மடங்க மறுத்தது. இரண்டு தடவையும் வீட்டுக்கு வந்தது குட்டியானையில்தான், சைக்கிளும் நானும் பின்னால் படுத்தபடி. இந்தத் தடவை சொந்தக் காலில் வந்தேன் என்பதை மனைவி மட்டும் சாதனை என்கிறாள்.

“ஆடியில எவன்டா ஓட்டுவான்? தை, மாசியில போயேன்” என்று எங்களோடு ஓட்டும் மூத்த அண்ணன் ஒருவர் கேட்டுக்கொண்டே இருக்கிறார். தை மாசியில் ரோட்டில் நெல் காயும், வைக்கோல் செயினில் சுற்றும், அது வேறு தலைவலி. தவிர, நம் பக்கம் ஏறுவதற்கு ஒரு மேடு உண்டா? ஆற்றுப்பாலம் ஏறினால்தான் ஏற்றம். கஷ்டப்பட்டுப் பழக வேண்டுமென்றால் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் இந்தக் காற்றை விட்டால் வேறு வழியில்லை.

ஆடிப்பெருக்கு முடிந்த ஞாயிறு, விடிகாலை 4.30க்குக் கிளம்பினேன். போகும்போது முதுகில் காற்று. 9.50க்கு பூம்புகார், நின்ற 40 நிமிடம் போக சராசரி கிட்டத்தட்ட 22. மிதித்தது நானா காற்றா என்று கேட்காதீர்கள். மணலில் உட்கார்ந்து தயிர்சாதம், மாவடு, அரை மணி நேரம். திரும்பினால் முகத்தில் அறைந்தது.

இனி கியர் புராணம். என் வண்டியில் முன்னால் பெடலோடு ஒற்றைப் பல்சக்கரம், 38 பல். பின்னால் ஏழு பல்சக்கரம் அடுக்கிய ஃப்ரீவீல், 14 பல் முதல் 28 வரை; பின்னால் பல் கூடக் கூட மிதி லேசாகும், அதைத்தான் கியர் இறக்குவது என்போம். போன இரண்டு தடவையும் எதிர்காற்றில் நான் 20 பல்லிலேயே பிடிவாதமாக நின்றேன். நிமிடத்துக்கு 66 சுற்று, மணிக்கு 16 கிலோமீட்டர். 24 பல்லுக்கு இறக்கி 80 சுற்று சுற்றினாலும் அதே 16தான் வரும். வேகம் ஒன்று, ஆனால் முதலாவதில் ஒவ்வொரு மிதியும் முட்டியில் போய் உட்காரும், இரண்டாவதில் மூச்சில் போகும். மூச்சு அஞ்சு நிமிடத்தில் திரும்பி வரும், முட்டி வராது. இது எல்லோருக்கும் தெரிந்ததுதான். எனக்கும் தெரியும். ஆனால் எதிரே பால்கேன் கட்டிய ஹெர்குலிஸில் ஒரு தாத்தா வரும்போது லேசான கியரில் காலை விர்ரென்று சுற்றிக்கொண்டு நத்தை மாதிரி போக யாருக்கு மனசு வரும்?

காற்று மணிக்கு 20 கிலோமீட்டர் என்று வைத்தால், 16இல் போகிற நம் உடம்பு மேல் படுவது 36. எதிர்ப்பு வேகத்தின் வர்க்கப்படி ஏறுவதால் காற்றில்லாத நாளைப் போல ஐந்து மடங்கு. இதோடு மல்லுக்கு நிற்பது முட்டாள்தனம். இந்தத் தடவை வேறு வழி பார்த்தேன். பழைய ரோட்டில் புளியமரம் இருக்கும் வரை காற்று அவ்வளவாகத் தெரியாது. மரம் விட்டு வயல் திறக்கும் இடத்தில்தான் அடி விழும். அங்கே குறுவைப் பயிரைப் பார்க்க வேண்டும். தூரத்தில் பயிர் வெளுத்துப் படுத்து எழும், அந்த அலை நம்மை நோக்கி ஓடி வரும். அது ரோட்டைத் தொடுவதற்குள் ஒரு கியர் இறக்கிவிட வேண்டும். அடி விழுந்த பிறகு இறக்கினால் செயின் முக்கும், கால் நின்றுவிடும். மயிலாடுதுறைக்குள் நுழைவதற்குள் இது கைவந்துவிட்டது. அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமே உண்டு.

கும்பகோணம் தாண்டினால் ரோடு தென்மேற்காகத் திரும்பும். காற்று நேராக மூக்கில். கடைசி 40 கிலோமீட்டர் அப்படித்தான்.

ஆடுதுறையில் பஞ்சர். முள் சின்னதுதான், ஆனால் போன மாதம் ஒரு கடையில் பிரெஸ்டா என்கிற ஒல்லி வால்வு வைத்த ட்யூபை என் தலையில் கட்டிவிட்டார்கள். பஞ்சர் கடைப் பெரியவர் ஒட்டிவிட்டார், காற்றடிக்கும் மூக்கு வால்வில் உட்காரவில்லை. “என்ன தம்பி, ஊசி மாதிரி இருக்கு?” என்றார். சுண்டு விரல் நகம் அளவுக்கு ஒரு பித்தளை அடாப்டர் போதும், வீட்டு மேசை டிராயரில் பத்திரமாக இருக்கிறது. என் குட்டிப் பம்பில் கை கழன்றது. இந்த வால்வு வைத்திருப்பவர்கள் அடாப்டரை வால்விலேயே மாட்டி விடுங்கள்.

வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டேன். வண்டி ஓடியது 11 மணி 20 நிமிடம். திரும்பும்போது மட்டும் நின்றது 71 நிமிடம். பஞ்சர் 24. ரயில்வே கேட் 8. பாபநாசத்தில் மோர், கடலைமிட்டாய் 12. குத்தாலத்தில் போன் 9: என் ஜெராக்ஸ் கடைப் பையன், “அண்ணே, மெஷின் பேப்பரை மெல்லுதுண்ணே”. கும்பகோணத்தில் டிகிரி காபி 18. நின்றபடி குடித்திருந்தால் ஏழு நிமிடம். பெஞ்சு காலியாக இருந்தது, உட்கார்ந்தேன்.

18இல் 7 போனால் எவ்வளவு என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்து 300. இருபது மணி நேரக் கெடு. கோடியக்கரை, நாகப்பட்டினம், திருவாரூர் சுற்றி வருகிற மாதிரி ஒரு பாதை போட்டு வைத்திருக்கிறேன். 200 முடியாமல் 300ஆ என்று அண்ணன் சிரிக்கிறார். சிரிக்கட்டும்.

அதற்குள் 14-34 ஃப்ரீவீல் வாங்கிவிட்டேன். 24க்கு அடுத்து ஒரே தாவலில் 34, நடுவில் ஒன்றுமில்லை. பரவாயில்லை, கும்பகோணத்துக்கு அந்தப் பக்கம் அது வேண்டும். பழையதைத்தான் கழற்ற முடியவில்லை. ரிமூவரை மாட்டி ஒரு முழ இரும்புக் குழாயைச் சொருகித் திருகியதில் ரிமூவரின் இரண்டு பல் மழுங்கிவிட்டது. இரண்டு நாளாக எண்ணெய் விட்டு ஊற வைத்திருக்கிறேன். நாளைக்கு லேத் பட்டறையில் வைஸில் பிடித்துச் சக்கரத்தையே திருப்பிப் பார்க்க வேண்டும்.