பிரான்சுக்குப் போகிறீர்களா? டிசம்பர் 8-ஐ லியோனில் வையுங்கள்

சென்னை வந்து இறங்கி இன்னும் தூக்கம்கூடச் சரியாகவில்லை. ஆனால் சூடு ஆறுவதற்குள் இதை எழுதிவிட வேண்டும். பிரான்ஸ் என்றதும் எல்லோரும் மே, ஜூனில் பாரிஸ் போய் ஈஃபிள் கோபுரத்துக்குக் கீழே வரிசையில் நின்றுவிட்டு வருகிறார்கள். பாரிஸ் எங்கேயும் ஓடிப்போகாது. டிசம்பர் முதல் பாதியில் போங்கள். 8-ஆம் தேதி இரவு லியோனில் இருங்கள். நானும் தங்கையும் ஜெர்மன் எல்லையோரம் இருக்கும் ஸ்ட்ராஸ்பூர்க் நகரத்துக் கிறிஸ்துமஸ் சந்தை, அங்கிருந்து லியோன் ஒளி விழா என்று ஒரே பயணத்தில் இரண்டையும் பார்த்துவிட்டு வந்தோம். இரண்டுக்கும் நுழைவுக் கட்டணம் கிடையாது. காசு கரைவதெல்லாம் படுக்கைக்கும் வண்டிக்கும்தான்.

முதலில் படுக்கை. ஸ்ட்ராஸ்பூர்க்கில் டிசம்பர் மாத ஹோட்டல் வாடகையைப் பார்த்தால் தலை சுற்றும். நாங்கள் தேடிய வாரத்தில் ஓர் இரவுக்கு 200 யூரோவுக்குக் கீழே சுமாரான அறைகூட இல்லை. அதனால் ரைன் ஆற்றுக்கு அந்தப் பக்கம், ஜெர்மனியில் இருக்கும் கேல் என்ற சின்ன ஊரில் தங்கினோம். கிட்டத்தட்டப் பாதி வாடகை. 2017 முதல் ஸ்ட்ராஸ்பூர்க் டிராம் பாலம் தாண்டி கேல் வரை வருகிறது. ஸ்ட்ராஸ்பூர்க் டிக்கெட்டே அங்கும் செல்லும். பாஸ்போர்ட் மட்டும் எப்போதும் கையில் இருக்கட்டும், எல்லையில் சில நேரம் போலீஸ் ஏறிப் பார்ப்பார்கள்.

ஸ்ட்ராஸ்பூர்க் சந்தை 1570-லிருந்து நடக்கிறது. க்ளேபர் சதுக்கத்தில் முப்பது மீட்டர் உயரத்துக்கு ஒரு கிறிஸ்துமஸ் மரம், சந்து பொந்தெல்லாம் விளக்கு, வீட்டு முகப்புகளில் கரடி பொம்மைகள். பார்க்க அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் மரக் கடைகளில் பாதிக்கு மேல் ஒரே சாமான்: அதே கண்ணாடி உருண்டை, அதே கம்பளித் தொப்பி. சனிக்கிழமை மாலை போனால் கூட்டம் நம்மைத் தூக்கிக்கொண்டு போய் எங்கேயாவது இறக்கிவிடும். வார நாளில் காலையில் போய்விடுங்கள். சூடான மசாலா ஒயினுக்குக் கோப்பைக்கும் சேர்த்து முன்பணம் வாங்குவார்கள். கோப்பையைத் திருப்பிக் கொடுத்து அந்தக் காசை மறக்காமல் வாங்கிக்கொள்ளுங்கள். மது வேண்டாம் என்றால் சூடான ஆப்பிள் ஜூஸ் இருக்கிறது, பட்டை, கிராம்பு போட்டது. குளிருக்கு அது போதும். 'தார்த் ஃப்ளாம்பே' என்று, அப்பளம் போல மெல்லிய மாவில் புளித்த கிரீமும் வெங்காயமும் பரப்பி விறகு அடுப்பில் வாட்டித் தருகிறார்கள். வழக்கமாகப் பன்றி இறைச்சித் துண்டும் தூவுவார்கள். தங்கை சைவம், 'சான் லார்தோன்' என்று சொன்னால் இறைச்சி இல்லாமல் போட்டுத் தருகிறார்கள். ஓரம் கருகி மொறுமொறுவென்று இருந்தது, ஆளுக்கு ஒன்று முழுசாகச் சாப்பிட்டோம்.

சந்தையை விட எனக்குப் பிடித்தது பேராலயத்துக்குள் இருக்கும் வானியல் கடிகாரம். பேராலயத்துக்கு இளஞ்சிவப்பு மணற்கல்லில் 142 மீட்டர் உயரக் கோபுரம். 1647-லிருந்து 1874 வரை உலகத்திலேயே உயரமான கட்டடம் இதுதான். கடிகாரத்தின் இப்போதைய இயந்திரத்தை ஷ்வில்கே என்பவர் 1843-க்குள் செய்து முடித்தார். பன்னிரண்டு மணி சுமாருக்கே சிறிய கட்டணம் வாங்கிக்கொண்டு உள்ளே விடுகிறார்கள். பன்னிரண்டரைக்கு மேலே ஒரு சின்ன மேடையில் பன்னிரண்டு சீடர்களும் ஒவ்வொருவராக இயேசு முன்னால் நகர்ந்து போகிறார்கள். இடது பக்கத்துத் தூணின் உச்சியில் ஒரு சேவல். அது இறக்கையை விரித்துக் கழுத்தை நீட்டி மூன்று முறை கூவுகிறது. உள்ளே ஏதோ துருத்தி அமுங்கி வருகிற அந்தக் குரலைக் கேட்டுச் சுற்றி இருந்த குழந்தைகள் எல்லாம் கத்த ஆரம்பித்துவிட்டன. அதைப் பார்க்காமல் ஸ்ட்ராஸ்பூர்க்கை விட்டுக் கிளம்பாதீர்கள்.

அங்கிருந்து லியோனுக்கு நேரடி ரயில் சுமார் நான்கு மணி நேரம்தான். ஆனால் ஒளி விழா வாரத்தில் ரயில் டிக்கெட் எங்கள் பட்ஜெட்டுக்கு மேலே போய்விட்டது. அதனால் தனியார் பேருந்து. அந்தக் கம்பெனியின் பெயரைச் சொல்லப் போவதில்லை, ஆனால் அந்த இரவை மறக்கவும் மாட்டேன். ஒன்றரை மணி நேரம் தாமதமாக வந்தது. நிழற்குடை இல்லாத நிறுத்தத்தில் பூஜ்ஜியம் டிகிரியில் நின்றோம். தகவல் சொல்ல ஒரு ஆள் கிடையாது. ஏறினால் பின்பாதியில் ஹீட்டர் வேலை செய்யவில்லை. கழிவறைக் கதவில் டேப் ஒட்டி மூடியிருந்தார்கள். போன் சார்ஜ் செய்யும் பாயிண்டும் இல்லை. முன் சீட்டில் இருந்த பாட்டி தன் கோட்டைக் கழற்றிப் பேரன் மேல் போர்த்திவிட்டு ஸ்வெட்டரோடு நடுங்கிக்கொண்டு வந்தார். தங்கை பையிலிருந்து சால்வையை எடுத்து அவருக்குக் கொடுத்தாள். டிரைவரிடம் முறையிட்டால், 'இணையத்தில் புகார் எழுதுங்கள்' என்கிறார். எழுதியிருக்கிறேன். பதில் வரும்வரை விடப் போவதில்லை.

லியோனில் இறங்கும்போது நள்ளிரவு தாண்டி ஒரு மணி, மெட்ரோ நின்றுவிட்டது. பேருந்து நின்ற இடத்திலேயே ஒருவர் வந்து பெட்டியைப் பிடித்தார். நாங்கள் தங்கும், லியோனை ஒட்டிய வில்லர்பான் மூன்று கிலோமீட்டர்கூட இருக்காது. 'திருவிழா நேரம், மீட்டர் கிடையாது, 60 யூரோ' என்றார். பேரம் பேசியதும் 50-க்கு இறங்கினார். பிரான்சில் டாக்ஸி என்றால் கூரையில் விளக்குப் பலகை இருக்க வேண்டும், மீட்டர் ஓட வேண்டும், ரசீது கேட்டால் தர வேண்டும்; சட்டம் அது. விழா நாளுக்கென்று தனிச் சட்டம் ஒன்றும் இல்லை. 'பெட்டியை விடுங்கள்' என்று சொல்லிவிட்டு ரயில் நிலையத்தின் முறையான டாக்ஸி ஸ்டாண்டுக்கு நடந்தோம். வரிசை இருந்தது, இருபது நிமிடம் நின்றோம். மீட்டர்படி 17 யூரோ. இரவு நேரத்தில் வெளியூர்க்காரர்களைக் கண்டால் இப்படித் தொற்றிக்கொள்ளும் ஆட்களோடு பேச்சே வைத்துக்கொள்ளாதீர்கள்.

சரி, இனி லியோன்.

விழாவின் கதையைத் தெரிந்துகொண்டு போனால் அந்த இரவே வேறு மாதிரி தெரியும். 1852-இல் ஃபூர்வியேர் குன்றில் மாதா சிலை ஒன்றைத் திறக்க ஏற்பாடு செய்தார்கள். செப்டம்பர் 8 என்று நாள் குறித்திருந்தார்கள். சோன் நதியில் வெள்ளம் வந்து சிற்பியின் பட்டறைக்குள் புகுந்துவிட்டதால் டிசம்பர் 8-க்குத் தள்ளிப்போட்டார்கள். அன்றைக்கும் புயல். வாணவேடிக்கையை நிறுத்திவிடலாம் என்று இருந்த நேரத்தில் மழை விட்டு வானம் தெளிந்தது. யாரும் சொல்லாமலே ஊர் ஜனங்கள் வீட்டு ஜன்னல்களில் மெழுகுவத்தி ஏற்றி வைத்துவிட்டுத் தெருவுக்கு வந்துவிட்டார்கள். அந்த வழக்கம் இன்றுவரை நிற்கவில்லை. இப்போது 8-ஆம் தேதியையும் சேர்த்து நான்கு இரவுகள் நகரசபை பெரிய அளவில் ஒளிக் காட்சிகள் வைக்கிறது. தெரோ சதுக்கத்தில் நகர மண்டபத்தின் முகப்பும் அருங்காட்சியகத்தின் முகப்பும் சேர்ந்து ஒரே திரையாகிவிடுகின்றன. கல் இடிந்து விழுவது போல, தூண்கள் வளைந்து ஆடுவது போல, நம்மைச் சுற்றியே காட்சி ஓடுகிறது. சேன்-ஜான் பேராலயத்திலும் அப்படித்தான். ஒரு காட்சி பத்து நிமிடத்துக்குள் முடிந்து மறுபடி தொடங்கும். நகர மையத்தில் ஒருவழிப் பாதை. ஒரு சதுக்கத்தை விட்டு வெளியேறினால் திரும்ப உள்ளே போகச் சுற்ற வேண்டும். மையத்தில் இருக்கும் சில மெட்ரோ நிலையங்களை மாலையில் மூடிவிடுவார்கள், அதனால் ஒரு நிலையம் முன்பே இறங்கி நடப்பதுதான் புத்திசாலித்தனம்.

இந்தப் பெரிய காட்சிகளை மற்ற இரவுகளில் பார்த்து முடித்துவிடுங்கள். 8-ஆம் தேதி இரவை வீட்டு ஜன்னல்களுக்கு வையுங்கள். இதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரையே எழுதுகிறேன். சுற்றுலாக் கூட்டம் முழுக்க சதுக்கங்களில் நெரியும் அந்த நேரத்தில் க்ருவா ரூஸ் பக்கம் ஏறிப் போங்கள். பழைய பட்டு நெசவாளர் பகுதி அது. தறி உயரத்துக்காகவே கட்டிய உயரமான ஜன்னல்கள். ஒவ்வொரு ஜன்னல் விளிம்பிலும் வரிவரியாகப் பள்ளம் வெட்டிய சின்னக் கண்ணாடிக் கிண்ணங்கள், நீலம், சிவப்பு, பச்சை என்று; உள்ளே குட்டையான தடித்த மெழுகுவத்தி. 'லூமிஞோன்' என்கிறார்கள். ஒரு தரைத்தள வீட்டில் வயதான ஒருவர் எட்டு, பத்துக் கிண்ணங்களை வரிசையாக வைத்து நீள லைட்டரால் ஏற்றிக்கொண்டிருந்தார். காற்றில் முனையில் இருந்த இரண்டும் அணைந்துகொண்டே இருந்தன. அவரும் சலிக்காமல் கையைக் குவித்து மறுபடி மறுபடி ஏற்றினார். நாங்கள் நின்று பார்ப்பதைக் கவனித்தவர் லைட்டரைத் தங்கையிடம் நீட்டினார். 'ஏற்றுங்கள்' என்று சைகை. அவள் ஏற்றிய கிண்ணம் அணையாமல் நின்றதும் கை தட்டினார். தெருமுனையில் பள்ளிப் பிள்ளைகளின் பெற்றோர் மேசை போட்டு வெங்காய சூப்பும் கேக்கும் விற்றுக்கொண்டிருந்தார்கள். மேலிருந்து பார்த்தால் எதிரே ஃபூர்வியேர் குன்றில் 'நன்றி மரியே' என்று பிரெஞ்சில் ஒளி எழுத்துகள். கட்டணம் வாங்கிக்கொண்டு காட்டும் எந்த நிகழ்ச்சியும் இதற்குப் பக்கத்தில் வராது. இதை அடித்துச் சொல்வேன்.

சாப்பாட்டைச் சொல்லாமல் லியோனை விட முடியாது. 'பூஷோன்' என்று இந்த ஊருக்கே உரிய சின்ன உணவகங்கள். இரவு விலை எகிறும். மதியம் போனால் இருபது, இருபத்தைந்து யூரோவுக்கு மூன்று வகைச் சாப்பாடு. நான் கெனெல் சாப்பிட்டேன். ஆற்று மீனை அரைத்து மாவோடு சேர்த்து உருட்டி, இறால் வாசனை வீசும் சாஸில் அடுப்பில் வைத்து எடுக்கிறார்கள். உப்பிப் பொங்கி மேலே பொன்னிறமாக வந்தது. கரண்டி வைத்ததும் அமுங்கியது. அடியில் மிச்சம் இருந்த சாஸை ரொட்டியால் துடைத்துத் துடைத்து, தட்டைக் கழுவ வேண்டிய தேவையே இல்லாமல் பண்ணிவிட்டேன். தங்கைக்குப் பூண்டும் வெங்காயத்தாளும் கலந்த தயிர்ப் பாலாடை, கிரீமில் வெந்த உருளைக்கிழங்கு. கடைசியில் சிவப்பு ப்ராலின் தார்த்: சர்க்கரைப் பாகு பூசிய பாதாமை உருக்கிச் செய்தது, ரத்தச் சிவப்பு, பல்லில் ஒட்டும் இனிப்பு. இரண்டு துண்டு வாங்கினோம். எந்த உணவகத்திலும் 'கராஃப் தோ' என்று கேளுங்கள், குழாய்த் தண்ணீர் ஒரு குடுவையில் இலவசமாக வரும். கேட்காவிட்டால் பாட்டில் தண்ணீரை வைத்து ஐந்து யூரோ போட்டுவிடுவார்கள்.

டிசம்பர் ஒத்து வராது என்பவர்களுக்கும் வழி இருக்கிறது. பிப்ரவரியில் நீஸ் நகரத்துக் கார்னிவலும், பக்கத்திலேயே மான்தோன் எலுமிச்சை விழாவும். வண்டி வண்டியாக எலுமிச்சையும் ஆரஞ்சும் வைத்து உருவங்கள் செய்கிறார்கள். ஆனால் ஊர்வலம் பார்க்கக் கட்டணம் உண்டு. ஜூன் 21 இசை நாள், 1982-இல் தொடங்கியது. எந்த ஊரில் இருந்தாலும் தெருவுக்குத் தெரு இலவசக் கச்சேரி. செப்டம்பர் மூன்றாவது வார இறுதியில் பாரம்பரிய நாட்கள். வழக்கமாக மூடியிருக்கும் அரசு மாளிகைகளைத் திறந்துவிடுவார்கள். காசில்லாதவர்களுக்கு என் ஓட்டு இசை நாளுக்குத்தான்.

திரும்பும் வழியில் பாரிசில் விமானத்துக்கு முன்னால் அரை நாள் கிடைத்தது. நேராக லா ஷப்பேல் போய்விட்டோம், கார் து நோர் ரயில் நிலையத்திலிருந்து நடக்கிற தூரம். ஈழத்தமிழர் கடைகள் வரிசையாக இருக்கும் பகுதி. பத்து யூரோவுக்குள் கொத்து ரொட்டியும் தேநீரும் முடிந்தது. கடை அம்மா எங்கள் மெல்லிய ஜாக்கெட்டைப் பார்த்துவிட்டு, 'இந்தக் குளிருக்கு இதோடயோ வந்தனீங்கள் பிள்ளை? முதல்ல தேத்தண்ணியக் குடியுங்கோ' என்று இன்னொரு கோப்பை ஊற்றினார், காசு வாங்கவில்லை. 'ஆவணியில வந்திருந்தா எங்கட பிள்ளையார் தேர் பாத்திருக்கலாம்' என்றார். 1985-இல் தொடங்கிய மாணிக்க விநாயகர் ஆலயத்தின் தேர் அது. ஆகஸ்ட் கடைசி வாக்கில் இந்தத் தெருக்களில் வரும், நடுரோட்டில் மலை மலையாகத் தேங்காய் உடைப்பார்கள். பிரான்சின் விழாப் பட்டியலில் இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அந்த நாளில் தெருவோரத்தில் நின்று பார்க்கவும் காசு கிடையாது.

கடைசியாக ஒன்று. லியோன் அறைக்கு எங்களுக்கு ஓர் இரவுக்கு 140 யூரோ ஆனது. அதே அறை ஜனவரியில் 60-க்குக் காட்டுகிறது. 8-ஆம் தேதி திங்கள், செவ்வாய் போன்ற வார நாளில் வரும் வருடம் பார்த்து, முந்தைய வார இறுதி முடிந்து கூட்டம் கிளம்பிய பிறகு போய் இறங்குங்கள், வாடகை குறையும். ரயில் டிக்கெட்டை விற்பனை திறந்த அன்றே வாங்கிவிடுங்கள். அந்தப் பேருந்தில் மட்டும் ஏறாதீர்கள்.