இழுக்குமா என்று கேட்காதவர் இல்லை

கால்நடை வளர்ப்பு வேலைக்கு ஓடும் வானின் சாரதி நான். மருந்துப் பெட்டி, சினைப்படுத்தலுக்கான திரவ நைதரசன் கொள்கலன், தீவனப் பை என்று பகல் முழுக்க ஏற்றி இறக்குகிற வண்டி. அதன் பின்னால் இரண்டு மாடு நிற்கக்கூடிய ட்ரெயிலரைக் கொளுவி, மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையிலிருந்து சம்மாந்துறை, அம்பாறைப் பக்கம் கறவை மாடு கொண்டுபோகும் பொறுப்பும் என்னிடம்தான். வெளிநாடுகளில் குதிரை ஏற்றும் ட்ரெயிலரின் மாதிரியில் செய்தது அது. நடுவில் தடுப்பு, முன்னால் மார்புக் கம்பி, பின்னால் இறக்கினால் சாய்தளமாகிற கதவு.

பட்டிக்குப் போனால் முதல் கேள்வி, "இந்த வான் இழுக்குமா மனே?" என்பதுதான். எங்கள் பகுதியில் மிசின் பெட்டியை, அதாவது உழவு இயந்திரம் இழுக்கும் பெட்டியைப் பார்த்துப் பழகியவர்கள் அப்படித்தான் கேட்பார்கள். உழவு இயந்திரம் பெரிய சில்லும் சொந்தப் பாரமும் கொண்டது, ஊர்ந்துதான் போகும். அதற்கு இழுவைதான் முக்கியம். வான் கதை வேறு. மட்டக்களப்புத் தரை சமதரை, டீசல் எஞ்சின் எதையும் இழுத்துவிடும். இழுத்ததை நிறுத்த முடியுமா என்பதே என் கவலை.

கணக்குப் பாருங்கள். ஜெர்சிக் கலப்புப் பசு ஒன்று 350 கிலோ வரும். இரண்டு பசுவும் ட்ரெயிலரின் சொந்தப் பாரமும் சேர்ந்தால் ஒரு தொன்னுக்கு மேல். குதிரை என்றால் ஒன்றே 500 கிலோ. ஐரோப்பாவில் தனி பிரேக் இல்லாத ட்ரெயிலருக்கு 750 கிலோதான் எல்லை. அதற்கு மேல் போனால் ட்ரெயிலருக்கே பிரேக் இருக்க வேண்டும். வான் வேகம் குறையும்போது ட்ரெயிலர் முன்னுக்குத் தள்ளும். அந்தத் தள்ளலே இரண்டையும் இணைக்கும் கொழுக்கிக்குள் இருக்கும் தண்டை அழுத்தி அதன் பிரேக்கைப் பிடிக்கவைக்கும். எளிய அமைப்புத்தான், ஆனால் கிறீஸ் காய்ந்தால் வேலை செய்யாது. இதைப் பார்க்காமல் நான் சாவி போடுவதில்லை.

வானில் பின் அச்சுக்கும் கொழுக்கிக்கும் இடையே தூரம் அதிகம். அதனால் ட்ரெயிலர் கொஞ்சம் அசைந்தாலும் வானின் வால் கூடவே அசையும். மாடுகள் பின்னுக்கு ஒதுங்கினால் கொழுக்கியில் பாரம் குறைந்து ட்ரெயிலர் ஆடத் தொடங்கும். முன்னுக்கு அதிகம் சாய்ந்தால் வானின் முன் சில்லுகள் இலேசாகி ஸ்டியரிங் பிடி தளரும். ஆட்டம் வந்தால் பிரேக்கை மிதிக்கக்கூடாது. ஸ்டியரிங்கை நேராகப் பிடித்து, அக்சிலேட்டரிலிருந்து மெல்லக் காலை எடுக்க வேண்டும். ட்ரெயிலர் கொளுவும் நாளில் வானின் பின்பக்கத்தைக் காலியாக்கித் தரும்படி அலுவலகத்தில் கேட்டுக்கொண்டே இருக்கிறேன். உள்ளே கிடக்கும் தீவனப் பைகளும் அந்த அச்சில்தானே உட்காருகின்றன.

ஒரு மாடு மட்டும் என்றால் வலப்பக்கம், அதாவது சாரதி பக்கம் ஏற்றுவேன். நாம் இடப்பக்கம் ஓடுகிறோம், தெருவோ நடுவில் உயர்ந்து ஓரத்தில் சரிந்திருக்கும். பாரம் இடப்பக்கம் போனால் ட்ரெயிலர் ஓரத்துக்கே இழுக்கும்.

மாட்டுக்குக் கைப்பிடி இல்லை. நான்கு காலை ஊன்றித்தான் அது சமநிலை பிடிக்கிறது. மாடு விழுவது பெரும்பாலும் பிரேக்கிலும் வளைவிலும்தான். தரையில் மணலும் வைக்கோலும் போட்டால் குளம்பு வழுக்காது. மூக்கணாங்கயிற்றில் கட்டி ஏற்றச் சொல்பவர்களுக்கு நான் ஒருபோதும் சம்மதிப்பதில்லை. தடுமாறினால் மூக்கே கிழிந்துவிடும். கழுத்துக் கயிறுதான், அதுவும் சட்டென்று அவிழ்கிற முடிச்சு.

மிருக வைத்தியரின் சான்றிதழும் அனுமதிப் பத்திரமும் கையில் இருந்தால் புறப்படலாம். 2014இல் மண்முனைப் பாலம் திறந்த பிறகு கொக்கட்டிச்சோலைப் பக்கமிருந்து வருவது சுலபம், முன்பு அங்கே வாவியைப் பாதையில், அதாவது மிதவைப் படகில்தான் கடக்க வேண்டும். பிரதான வீதியில் ஏறிய பின்தான் சோதனை. களுவாஞ்சிக்குடி, கல்முனை என்று ஊருக்கு ஊர் ஒட்டிக்கொண்டே போகும், குறுக்கே சைக்கிளும் ஆட்டோவும். அறுவடைக் காலத்தில் தார் ஓரத்தில் நெல் காயும். வானைவிட அகலமான ட்ரெயிலர் சில்லு அந்த நெல்லில் ஏறக்கூடாது, ஏறினால் ஒருவருடைய உழைப்பு நசுங்கும். அதனால் கண் எப்போதும் பக்கக் கண்ணாடியில். வேகம் 40ஐத் தாண்டாது. பின்னால் ஹோர்ன் அடிப்பவர்களுக்கு இடம் கிடைக்கும்போது ஒதுங்கி வழிவிடுவேன், அவசரப்பட மாட்டேன்.

வெயில் ஏறியபின் தேநீருக்குக்கூட நிற்பதில்லை. வண்டி ஓடும்வரைதான் உள்ளே காற்று.

போன தடவை ஒரு அம்மா, "கன்றையும் நடுவுக்குள்ள விடுங்க மனே, சின்னதுதானே" என்று கெஞ்சினார். தாயின் காலடியில் கன்று மிதிபடும் என்று சொல்லி, வானுக்குள் வைக்கோல் பரப்பி அதைத் தனியே ஏற்றினோம், கூட அவருடைய மகன் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். சம்மாந்துறையில் இறக்கியதும் தாய்க்கு முதலில் தண்ணீர் காட்டச் சொன்னேன், பால் கறப்பதை மாலைக்குத் தள்ளினார்கள்.

இப்போது மழைக்கு முன் ட்ரெயிலரின் பிரேக்கையும் டயரையும் முழுதாகப் பார்க்கக் கேட்டு எழுதிக் கொடுத்திருக்கிறேன். பெரும்போகம் தொடங்கி வயல்கள் விதைக்கப்பட்டால் மேய்ச்சலுக்கு இடமில்லாமல் மாடுகளை இடம் மாற்றுவோர் கூடுவார்கள். பிரேக், டயர் வேலை முடியாமல் ட்ரெயிலரைக் கொளுவப் போவதில்லை என்பதையும் அதிலேயே எழுதியிருக்கிறேன்.