எண்ணமும் எண்ணிக்கையும்

2025 ஜூலை 6, ஞாயிறு, ஜார்ஜ்டவுன்

இன்று ஆராதனையில் போதகர் நீதிமொழிகள் 23:7-ஐ எடுத்துப் பேசினார்: "அவன் இருதயத்தின் நினைவு எப்படியோ, அப்படியே அவனும் இருக்கிறான்." செல்வத்தை நினைத்தால் செல்வம் சேரும் என்பதற்கு இந்த வசனத்தைச் சான்றாகக் காட்டுவோர் உண்டு. வீட்டுக்கு வந்து முன்பின் வசனங்களைச் சேர்த்து வாசித்தபோது, இது விருந்தாளியிடம் "புசியும், பானம்பண்ணும்" என்று வாயால் உபசரித்துவிட்டு, இருதயத்தை அவனோடு வைக்காத வன்கண்ணனைப் பற்றியது என்று கண்டேன். போன கிறிஸ்துமஸ் மதியம் நினைவுக்கு வந்தது. "இன்னும் ஒரு துண்டு போட்டுக்கோ, தம்பி" என்று மீன் குழம்பை ஊற்றிக்கொண்டிருந்த என் மனத்தில், அம்மாவின் மருத்துவச் செலவில் அவன் தராமல் விட்ட 3,200 ரிங்கிட் ஓடிக்கொண்டிருந்தது. அந்த வன்கண்ணன் நான்தான்.

ஜூலை 8, செவ்வாய்

மளிகைக் கடையில் கணக்கெழுதி எனக்கு 22 ஆண்டுகள் ஆகின்றன. அதனால்தானோ என்னவோ, இன்று படித்த ஒரு செய்தி மனத்தை விட்டு அகலவில்லை. தமிழில் எண்ணுதல் என்றால் நினைத்தலும் உண்டு, கணக்கிடுதலும் உண்டு. அப்போஸ்தலர் பவுல் தம் நிருபங்களை எழுதிய கிரேக்கத்திலும் இப்படி இரு பொருளையும் தாங்குகிற ஒரு சொல் இருக்கிறது: லொகிசோமாய். ஆபிரகாமின் விசுவாசம் அவனுக்கு நீதியாக "எண்ணப்பட்டது" என்று ரோமர் 4:3-இல் வருவதும், உண்மையுள்ளவை, நீதியுள்ளவை, அன்புள்ளவை எவையோ அவற்றையே "சிந்தித்துக்கொண்டிருங்கள்" என்று பிலிப்பியர் 4:8-இல் வருவதும், அன்பு "தீங்கு நினையாது" என்று 1 கொரிந்தியர் 13:5-இல் வருவதும் அந்த ஒரே சொல்தான். அப்படியென்றால் அன்பு தீங்கைப் பேரேட்டில் ஏற்றி வைக்காது.

பவுலுக்கு ஏற்றி வைக்கக் காரணம் இல்லாமலா இருந்தது? பிலிப்பியருக்கு எழுதியபோது அவர் கட்டுண்டிருந்தார். அந்த உபத்திரவத்தை இன்னும் கூட்டும் நோக்கத்தோடு சிலர் பொறாமையால் பிரசங்கித்தார்கள். "இதனாலென்ன?" என்று கேட்டுவிட்டு, கிறிஸ்து அறிவிக்கப்படுகிறாரே என்று அவர் சந்தோஷப்பட்டார். அந்த ஒரு கேள்வியை நான் எட்டு ஆண்டுகளாகக் கேட்கவில்லை. தம்பியின் கைப்பேசி அழைப்பை எடுக்கத் தாமதித்ததும், அவன் மகளின் பிறந்தநாளுக்குப் போகாததும், அவன் பெயரைச் சொல்லும்போது என் குரல் மாறியதும் என் மனப் பேரேட்டில் இருந்த அந்த 3,200 என்ற ஒரு பதிவுக்கு ஏறிக்கொண்டே போன வட்டி என்று இப்போது தெரிகிறது.

ஜூலை 10, வியாழன்

நினைக்கவே கூடாது என்று இரண்டு நாள் முயன்றேன்; முடியவில்லை. அசுத்த ஆவி விட்டுப்போன வீடு பெருக்கி அலங்கரிக்கப்பட்டு வெறுமையாக இருந்ததால்தான் வேறு ஏழு ஆவிகளும் உடன் வந்து குடியேறின என்று மத்தேயு 12-இல் ஆண்டவர் சொல்கிறார். ஆகவே இன்றிரவு வரவுப் பக்கத்தை எழுதத் தொடங்கினேன். உண்மையுள்ளவற்றைச் சிந்திப்பது என்றால் அந்தக் கடனை இல்லையென்று பாசாங்கு செய்வதாகாது. விட்டுப்போன பதிவுகளையும் சேர்ப்பதுதான். பதினொரு இரவுகள் ஆஸ்பத்திரி நடைவழியில் பிளாஸ்டிக் நாற்காலியில் தூங்கியது அவன். அம்மாவுக்கு நகம் வெட்டியது அவன். நான் அங்கே ஒரு இரவுகூடத் தங்கியதில்லை.

ஜூலை 13, ஞாயிறு

ஆராதனை முடிந்ததும் படகேறி பட்டர்வொர்த் போனேன். தம்பி வாசலிலேயே நின்றிருந்தான். தேநீர் குடித்துக்கொண்டே அந்த இரவுகளைப் பற்றிக் கேட்டேன். சற்று நேரம் கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்தவன், "அம்மா விடியற்காலை மூணு மணிக்குப் பாட்டுப் பாடும், அக்கா. நர்ஸ் வந்து சத்தம் போடும்வரை பாடும்" என்றான். அதுவரை எனக்கு அது தெரியாது. பேச்சின் நடுவே 3,200 என்ற எண் ஒருமுறை எட்டிப் பார்த்தது. என்ன பாட்டு என்று அவனைக் கேட்டேன். அவன் மெல்லிய குரலில் முதல் அடியை எடுத்துக் கொடுத்தான். இரண்டாவது அடி எனக்குத் தெரிந்திருந்தது.